தாழிக்குள் ஒளி

மண்ணைத் தோண்ட மண்வெட்டி போதும்; தோண்டிய மண்ணைப் பழையபடி அடுக்க உலகில் கருவி இல்லை. ஏட்டில் ஒரு பக்கத்தைப் படித்து முடித்த பின்னும் அப்பக்கம் அங்கேயே இருக்கிறது. ஐயம் எழுந்தால் திருப்பிப் பார்க்கலாம். தவறாகப் படித்தவனைத் தட்டிக் கேட்கலாம். மண்ணடுக்கோ, படிக்கப் படிக்கக் கிழிந்து போகும் ஏடு! மேலடுக்கை அகற்றினால்தான் கீழடுக்கு கண்ணுக்குத் தெரியும். கீழடுக்கு தெரியும்போது மேலடுக்கு இருக்காது. அகழ்ந்தவர் எதை எழுதினாரோ, எதை வரைந்தாரோ, எதைப் படம் பிடித்தாரோ, அவ்வளவே பின்வருவோர்க்கு மிஞ்சும் சான்று. எழுதாமல் விட்டது? ஒழிந்தது!

கீழடி என்றால் கைதட்டுகிறோம். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபோது நெஞ்சு நிமிர்த்தினோம். நிமிர்த்த வேண்டியதுதான். ஆனால், புதிய குழியைச் சுற்றிக் கூடும் கூட்டத்தில் பத்திலொரு பங்கேனும் பழைய குழியைப் பற்றிக் கேட்கிறதா? நூறாண்டுகட்கு முன் தோண்டி எடுத்தவை எங்கே? எடுத்தபோது எழுதிய குறிப்புகள் எங்கே? அக்குறிப்புகளையும் அப்பொருள்களையும் இன்றைய கருவி கொண்டு மீண்டும் பார்த்தால் என்ன தெரியும்? இந்தக் கேள்விகளைத்தான் தோழர்கள் முன் வைக்கிறோம்.

ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையோரம், தாமிரபரணியின் தென்கரையில், 114 ஏக்கர்ப் பரப்பில் விரிந்து கிடக்கிறது அந்தப் பரம்பு. 1876-ஆம் ஆண்டு பெர்லின் நகரத்து அறிஞர் ஜாகோர் அங்கே வந்தார். மாவட்ட அதிகாரிகளைத் துணைக்கழைத்துக்கொண்டு தோண்டினார். ஐம்பது வகைக்கு மேற்பட்ட மட்கலங்கள், இரும்பாயுதங்கள், எலும்புகள், மண்டையோடுகள் — அத்தனையும் கப்பலேறிப் பெர்லின் சேர்ந்தன. 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ தோண்டினார்; அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் சென்றன. அவர் பணி நடந்த நாளிலேயே, 1903–04-இல், பிரஞ்சு நாட்டு லூயி லாப்பீக் வந்து தோண்டிச் சில மண்டையோடுகளைப் பாரிசுக்குக் கொண்டுபோனார். ஒரே இடுகாடு, மூன்று நாட்டில் மூன்று பேழைகள்! தாமிரபரணிக் கரையில் ஒரே தாயின் மக்களாய்ப் புதையுண்டிருந்தவர்கள், பெர்லினிலும் பாரிசிலும் சென்னையிலும் பிரிந்து கிடக்கிறார்கள்.

ரீ அவர்களை நாம் குறை சொல்ல வரவில்லை. உழைப்பாளி. தாழிகளில் கண்ட பொன் நெற்றிப்பட்டங்களையும், விலங்கும் பறவையும் மேலே நிற்கும் வெண்கலக் கல மூடிகளையும், இரும்பு வாள்களையும் வேல்களையும் பொறுமையாக எண்ணிட்டுப் பட்டியலாக்கினார். 1915-இல் அப்பட்டியல் நூலாகச் சென்னையில் வெளிவந்தது. இரும்பாயுதங்களெல்லாம் முனை கீழ்நோக்கியபடி இருந்தன, துயரத்தோடு சுற்றி நின்றவர்கள் மண்ணில் குத்திச் சென்றதுபோல, என்று அவர் கவனித்து எழுதியது ஒன்று போதும், அவர் கண்ணின் கூர்மைக்கு. ஆயினும் அவர் பொருள்களை வகைவகையாகப் பிரித்தார். வாள்கள் ஒரு பக்கம், கிண்ணங்கள் ஒரு பக்கம், மூடிகள் ஒரு பக்கம். பல பொருள்கள் எந்தத் தாழியில் எதற்கருகே எந்த ஆழத்தில் கிடந்தன என்பது இன்று நமக்கு எட்டாமல் போயிற்று. மண்ணடுக்கைக் கட்டங்கட்டமாகப் பகுத்து, வெட்டுமுகத்தை வரைந்து, அடுக்குக்கு எண் கொடுக்கும் முறை இந்நாட்டில் வேரூன்றியது 1944-இல் மார்ட்டிமர் வீலர் தொல்லியல் துறைத் தலைவராக வந்த பின்னர்தான். ரீ அதற்கு நாற்பதாண்டு முந்தியவர். அவர் காலத்துக் கண் அவ்வளவு கண்டது.

அதன் பிறகு? நூறாண்டுத் தூக்கம்! 2004-இல்தான் தொல்லியல் துறை சத்தியமூர்த்தி அவர்களின் தலைமையில் மீண்டும் அங்கே இறங்கியது. 600 சதுர மீட்டர்ப் பரப்பில் 160-க்கு மேற்பட்ட தாழிகள்! ஒரு பானை ஓட்டில் ஒல்லியான ஒரு பெண், நெற்கதிர், கொக்கு, மான், முதலை என மண்ணாலேயே ஒட்டிச் செய்த உருவங்கள். அந்த ஓட்டின் படத்தைப் பார்க்காத தோழர்கள் தேடிப் பாருங்கள். செய்த குயவன் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றும். ஆனால் அந்த அகழாய்வில் எடுத்த மாதிரிகளின் காலக்கணிப்பு எப்போது நாட்டுக்குத் தெரிந்தது? 2019-இல், மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்கு நடந்தபோது! அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய இரு மாதிரிகள் கி.மு. 905, கி.மு. 696 என்னும் காலங்களைக் காட்டின. பதினான்கு ஆண்டு பேழையில் உறங்கிய மாதிரிகளை எழுப்ப நீதிமன்றத்தின் மணி அடிக்க வேண்டியிருந்தது.

இனிப் புதிய கருவிகளைப் பார்ப்போம். எண்மப் படம் — சந்தையில் டிஜிட்டல் படம் என்று வழங்குவது — இன்னதென்று விருதுநகர் மாவட்டத்துத் தோழர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டி ஒன்றைக் கையிலெடுத்து, அதிலுள்ள படத்தின்மேல் உருப்பெருக்கிக் கண்ணாடியை வையுங்கள். முகம் மறையும், புள்ளிகள் தோன்றும். நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என நான்கே மையின் புள்ளிகள்! கடவுளானாலும் நடிகையானாலும் அங்கே புள்ளிக் கூட்டந்தான். (பக்தர்கள் மன்னிக்க, உருப்பெருக்கி யாருக்கும் அஞ்சுவதில்லை.) லித்தோக் கல்லில் தொடங்கிய நம் அச்சுக்கூடங்கள் இன்று கணிப்பொறியிலிருந்து நேரே தகட்டில் படம் இறக்குகின்றன. எண்மப் படமும் அதே புள்ளிதான். வேறுபாடு ஒன்றே: அங்கே ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. எண்ணானதும் அதைக் கூட்டலாம், கழிக்கலாம். ஒரு படத்திலிருந்து மற்றொன்றை நீக்கி மிச்சத்தைப் பார்க்கலாம். மங்கிய பகுதியை மட்டும் பெருக்கலாம். கண் தவறவிட்டதைக் கணக்கு பிடிக்கும்.

பட்டாசுத் தொழிலறிந்தவர்க்கு இன்னொன்றும் எளிதாக விளங்கும். வாணத்தில் சிவப்பு வேண்டுமானால் ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குச் செம்பு, மஞ்சளுக்குச் சோடியம். பச்சைக்குப் பேரியம் — உச்சநீதிமன்றம் தடுக்கும்வரை அதுதான் வழக்கம். ஒவ்வொரு தனிமமும் சூடேறும்போது தன் நிறத்தைத் தானே காட்டிக் கொடுத்துவிடுகிறது. பழம்பொருளின்மேல் எக்ஸ்கதிரைப் பாய்ச்சினாலும் அதுவே நடக்கிறது. செம்பு தனக்குரிய கதிரையும், ஈயம் தனக்குரிய கதிரையும், வெள்ளீயம் தனக்குரிய கதிரையும் திருப்பி உமிழ்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த வாணத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும். ஆதிச்சநல்லூர் வெண்கல மூடியில் வெள்ளீயம் எவ்வளவு என்று அறிய அன்று மூலையை அரத்தால் ராவ வேண்டும். இன்று ஒரு கீறலும் வேண்டாம்.

அடுத்து, சாய்வொளி. மாலை வெயில் சரிந்து விழும்போது கரிசல் காட்டின் பழைய வரப்பும் வண்டித்தடமும் எழுந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள்; உச்சி வெயிலில் அதே காடு வெறும் கறுப்புப் பாய். ஒளி எங்கிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்தது காட்சி. இதைக் கொண்டே ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். படப்பெட்டியை அசையாமல் நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் ஒவ்வொரு திசையாக நகர்த்திப் பல பத்துப் படங்கள் எடுப்பது. பின்னர் கணிப்பொறி அவற்றை ஒன்றாக்கித் தரும். நாற்காலியில் அமர்ந்தபடியே விளக்கை எந்தத் திசைக்கும் திருப்பலாம். பானை ஓட்டின் கீறல், காசின் தேய்ந்த எழுத்து, கல்லின் மறைந்த வரி எல்லாம் அந்த ஒளியில் வாய் திறக்கும்.

2005-இல் ஆதிச்சநல்லூர்த் தாழி ஒன்றின் உட்புறத்தில் தமிழ் பிராமி எழுத்து காணப்பட்டதாகச் செய்தி வந்தது. உடனே மகிழ்ந்தோம். ஆனால் அது எழுத்துத்தானா, வெறும் கீறலா என்னும் ஐயம் அறிஞரிடையே எழுந்தது. இத்தகைய வழக்கை மேடைப் பேச்சாலா தீர்ப்பது? எழுத்து என்று பார்க்க ஆசைப்பட்ட கண் எழுத்தைப் பார்க்கும். இல்லையென்று முன்பே முடிவு செய்த கண் கீறலைப் பார்க்கும். சாய்வொளிப் படத்தை ஊரறிய வைத்துவிட்டால், வளைந்த கோடு குச்சியால் இழுத்ததா, சுடும்போது விரிந்ததா என்று பள்ளி மாணவனும் பார்த்துச் சொல்வான். பகுத்தறிவாளர் வேண்டுவது அந்தப் படத்தை, ஆறுதலான தீர்ப்பையல்ல.

இது நமக்குப் புதிய நெறியுமல்ல. கல்வெட்டின்மேல் ஈரத்தாளை ஒற்றித் தூரிகையால் தட்டி மை பூசி எடுக்கும் மைப்படியை நினைத்துப் பாருங்கள். 1886-இல் ஹுல்ட்ஷ் கல்வெட்டுப் பணியைத் தொடங்கிய காலந்தொட்டு எடுத்த படிகளில் தமிழ்க் கல்வெட்டுக்கு உரியவை மைசூரில் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டு வர 2021-இல் உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. கல்லே உடைந்துபோன இடங்களில் அந்தத் தாள்தான் இன்று கல்வெட்டு! படி எடுத்தவன் பிழைக்க வைத்தான். ஆனால் தாளும் பூச்சிக்கு இரை. தாளுக்கும் ஒரு படி வேண்டும்.

உலகம் இவ்வழியில் எவ்வளவு தொலைவு போயிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று. 1901-இல் கிரேக்க நாட்டு ஆன்டிகைதரா தீவருகே கடற்பஞ்சு எடுக்க முங்கியவர்கள் மூழ்கிக் கிடந்த கப்பலொன்றிலிருந்து சிலைகளை மீட்டனர். அவற்றோடு பாசி படிந்த ஒரு வெண்கலக் கட்டியும் வந்தது. அருங்காட்சியகத்தில் உடைந்தது, உள்ளே பற்சக்கரம்! எழுபதாண்டு கழித்து எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தார்கள். சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பின. 2005-இல், சிடி ஸ்கேன் செய்யும் எந்திரத்தையே இங்கிலாந்திலிருந்து ஏதென்சுக்குக் கொண்டுவந்தார்கள். பொருளை அசைக்கக் கூடாது. ஆகவே எந்திரம் அசைந்தது! துண்டு துண்டாகக் கிடந்த அந்தக் கட்டிக்குள் முப்பது பற்சக்கரங்கள் தனித்தனியே தெரிந்தன. சாய்வொளிப் படத்திலும் ஸ்கேனிலும் ஈராயிரம் ஆண்டாக யாரும் படிக்காத எழுத்துகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. கிரகணத்தைக் கணித்துச் சொன்ன கருவி அது! ராகுவும் கேதுவும் விழுங்காமலே கிரகணம் வரும் என்று வெண்கலத்தில் பல் வெட்டி வைத்தவன் எவனோ, அவன் நம் தோழன்.

பிரிந்ததைச் சேர்ப்பதற்கும் சான்று உண்டு. ஈராக்கில் ஊர் என்னும் பழநகரை 1922 முதல் 1934 வரை லியனார்டு வூலி தோண்டினார். கிடைத்தவை பாக்தாத், லண்டன், பிலடெல்பியா என்று மூன்றாகப் பங்கு போடப்பட்டன. அண்மைக் காலத்தில் லண்டன், பிலடெல்பியா அருங்காட்சியகங்கள் சேர்ந்து பொருள்களையும், வூலியின் களக்குறிப்புகளையும், கண்ணாடித் தகட்டுப் படங்களையும் எண்ம வடிவாக்கிப் பொதுவில் வைத்தன. ஒரு கல்லறையில் எடுத்த மணி ஒரு நகரில் இருக்கட்டும், குவளை இன்னொன்றில் இருக்கட்டும், திரையில் இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஆதிச்சநல்லூருக்கு இதைச் செய்தால் என்ன? பெர்லின் மட்கலத்தையும், பாரிசு மண்டையோட்டையும், எழும்பூர் நெற்றிப்பட்டத்தையும் திரும்பக் கேட்கும் போராட்டம் நடக்கட்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை உருவையாவது ஒன்றாக நிறுத்தலாமே! ரீயின் பட்டியல் எண்ணும், அவர் நூலில் அச்சிட்ட படத் தகடும், இன்றைய எண்ம உருவும் ஒரே இடத்தில் வந்தால், எது எதோடு கிடந்தது என்ற தொலைந்த கணக்கில் ஒரு பகுதியேனும் மீளும்.

பழைய அகழாய்வை மீண்டும் பார்த்தால் முடிவே மாறிவிடும் என்பதற்கு அரிக்கமேடு போதும். 1945-இல் வீலர் தோண்டி, இத்தாலியச் செந்நிறக் கலத்தின் துண்டுகளை வைத்துக் காலம் வகுத்தார். உரோம வணிகரின் வருகையே அவ்வூரின் வாழ்வு என்பது போன்ற எண்ணம் நிலைத்தது. உட்புறத்தில் வட்ட வட்டமாகக் கொத்துப் புள்ளி வரிசை இட்ட மெல்லிய தட்டுகளும் கடல் கடந்து வந்தவை என்று கருதப்பட்டன. விமலா பெக்லி என்னும் ஆராய்ச்சியாளர் அதே ஓடுகளையும் அதே அறிக்கையையும் மீண்டும் எடுத்துப் படித்து, 1983-இல் அந்தக் காலக்கணக்கை மறுத்து எழுதினார். 1989 முதல் 1992 வரை மீண்டும் அகழ்ந்தும் பார்த்தார். உரோமர் வரும் முன்பே அங்கே ஊர் இருந்தது. அவர்கள் போன பின்னும் இருந்தது. தட்டுகளின் களிமண்ணை எக்ஸ்கதிரால் ஆராய்ந்தபோது, மண் இந்திய மண் என்று தெரிந்தது! வீலரின் குறிப்பு ஒழுங்காக இருந்ததால்தான் வீலரை மறுக்க முடிந்தது. தன்னை மறுப்பதற்கும் சான்று விட்டுச் செல்பவனே நல்ல ஆராய்ச்சியாளன். சோதிடனுக்கும் அவனுக்கும் உள்ள தொலைவு அதுதான்.

இனி, நம்மவர்க்கே கசக்கக்கூடிய ஒரு செய்தி. மண்டையோடுகள்! ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை அளந்து 1930-இல் சுக்கர்மன் எழுதிய ஆய்வைச் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. 1963-இல் இந்திய மானிடவியல் ஆய்வுத் துறை சார்பில் இன்னோர் ஆய்வு வந்தது. நீளம், அகலம், மூக்குத் துளை என்று அளந்து, இது ஆஸ்திரலாய்டு, இது மத்தியதரைக் கடல் வகை என்று பெயர் ஒட்டினார்கள். பெயர் ஒட்டியதும் நம்மிலும் சிலர் அதைப் பிடித்துக்கொண்டு, மண்டையோட்டில் இனத்தைத் தேடினார்கள். ஆனால் அந்த அளவுகோலே ஆட்டங்கண்டது எப்போது தெரியுமா? அமெரிக்காவில் குடியேறியவரும் அவர் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளந்து, பிறந்து வளரும் சூழலில் தலையின் வடிவே மாறுகிறது என்று பிரான்சு போவாஸ் 1912-இலேயே காட்டிவிட்டார்! மண்டையளவால் உயர்வு தாழ்வு பேசியவர்கள் ஐரோப்பாவில் எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்பது உலகறிந்தது. பிறப்பால் மனிதனைப் பிரிக்கக் கூடாது என்று பேசும் நாம், எலும்பால் மட்டும் பிரிக்கலாமா?

2025-இல் கொந்தகையின் இரு மண்டையோடுகளுக்கு முகம் கிடைத்தது. கீழடிக்கு 800 மீட்டர் தொலைவிலுள்ள இடுகாடு அது. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தார் மண்டையோடுகளை எண்ம உருவாக்கி அனுப்ப, இங்கிலாந்தின் லிவர்ப்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்து முக ஆய்வுக்கூடத்தார் தசையையும் தோலையும் கணிப்பொறியில் பொருத்தினார்கள். ஈராயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட மனிதர் இருவர் நம்மை நேருக்கு நேர் பார்த்தபோது சிலிர்த்தோம், உண்மை. அதே வாரத்தில் இவர் யார் இனம், அவர் யார் நிறம் என்று கூச்சலும் எழுந்தது! எலும்பு சொன்னது தாடையின் அகலத்தையும் மூக்கின் வேரையும். தோலின் நிறத்தையும் கண்ணின் நிறத்தையும் எலும்பு சொல்லவில்லை; இன்று தமிழ்நாட்டில் வாழ்வோரின் சாயலுக்கேற்ப ஆய்வாளர் தேர்ந்தெடுத்தவை அவை. எது அளந்தது, எது ஊகித்தது என்று படத்தின் அடியிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. இல்லையேல் நாளை அந்தப் படமும் நாட்காட்டியில் ஏறும். அதற்கும் மாலை விழும்.

மண்டையோட்டை ஸ்கேன் செய்வதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது. பல் எவ்வளவு தேய்ந்தது, சொத்தை உண்டா, கண்குழியின் கூரையில் சோகை நோயின் துளைகள் உண்டா, முறிந்த எலும்பு ஒட்டியதா, எந்த வயதில் இறந்தார் — இவை தெரியும். முறிந்த கால் ஒட்டியிருக்கிறது என்றால், மாதக்கணக்கில் அவருக்கு யாரோ சோறு ஊட்டினார்கள் என்று பொருள். அது மனித வரலாறு. தாழியைத் திறக்காமலே உள்ளே உள்ள மண்ணை ஊடுருவிப் பார்க்கவும் வழியுண்டு. ஆனால் ஆளுயரத் தாழி மருத்துவமனை எந்திரத்தில் நுழையாது. அதற்குத் தனி எந்திரம் வேண்டும், பணம் வேண்டும். கோபுரத்துக்குப் பொன்வேயத் திரளும் பணத்தில் ஒரு துளி போதும் என்று சொல்லி மேலே செல்கிறோம்.

படம் எடுத்தால் மட்டும் போதுமா? அதைப் பேழையில் பூட்டினால், மண்ணுக்குள் இருந்ததற்கும் அலுவலகத்துக்குள் இருப்பதற்கும் என்ன வேறுபாடு? கீழடியின் முதலிரு கட்ட அகழாய்வு குறித்து அமர்நாத் ராமகிருஷ்ணன் 982 பக்க அறிக்கையை 2023 சனவரியில் அளித்தார். 2025 மே மாதம் திருத்தம் கேட்டு அதைத் தொல்லியல் துறை திருப்பியனுப்பியது. எந்த அடுக்கு எந்தக் காலம் என்பதே வழக்கு. அகழ்குழிகளின் வெட்டுமுகப் படங்கள், அடுக்கு வரைபடங்கள், மாதிரி எடுத்த ஆழம் ஆகியவை அன்றன்றே பொதுவில் வைக்கப்பட்டிருந்தால், இவ்வழக்கில் தில்லியும் சென்னையும் மட்டுமா பேசும்? பாண்டிச்சேரியிலும் பாரிசிலும் உள்ள அறிஞர் பார்த்து, சரி என்றோ தவறு என்றோ காரணத்தோடு சொல்லியிருப்பார்களே!

எண்மப் படம் சாகாது என்று எண்ணிவிட வேண்டாம். 1900-இல் எடுத்த கண்ணாடித் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தால் இன்றும் படம் தெரியும். 1990-இல் நெகிழ்வட்டில் பதிந்ததைப் படிக்க இன்று எந்திரம் தேட வேண்டும்! வட்டு கெடும், மென்பொருள் மாறும், கடவுச்சொல் அறிந்த அலுவலர் ஓய்வு பெறுவார். ஓலையைத்தான் பாருங்கள். ஓலைச்சுவடி தானாக ஈராயிரம் ஆண்டு வாழவில்லை. செல்லரிக்கும் முன் ஒருவன் உட்கார்ந்து பெயர்த்தெழுதினான், அவன் படி மடியும் முன் இன்னொருவன். பெயர்த்தெழுதும் கை நின்ற இடத்தில் நூல் செத்தது. நம் மாவட்ட எல்லைக்கு அப்பால் சிறிது தொலைவில் உள்ள கரிவலம்வந்தநல்லூரில் ஏடு தேடிப் போன உ. வே. சாமிநாதையர், அங்கிருந்த பழஞ்சுவடிகளை நெருப்பில் ஆகுதியாக இட்டுவிட்டார்கள் என்ற செய்தியைக் கேட்டு வந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். சிதைந்த ஏட்டைத் தீயில் இட வேண்டும் என்பது சாத்திரமாம்! எந்தெந்த நூல் எரிந்ததோ, யார் அறிவார்? ஒரு படி வேறோர் ஊரில் இருந்திருந்தால் சாத்திரம் தோற்றிருக்கும். ஆகவேதான் சொல்கிறோம்: எண்மப் படமும் ஓரிடத்தில் இருக்கக் கூடாது. சென்னையில் ஒன்று, மதுரையில் ஒன்று, கடல் கடந்து ஒன்று. எவரும் திறக்கக்கூடிய வடிவில், பத்தாண்டுக்கொருமுறை பெயர்த்தெழுதும் ஏற்பாட்டோடு இருக்க வேண்டும்.

நம் வாயிற்படிக்கு வருவோம். சிவகாசிக்கு அருகே, வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை. 2022-இல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு தொடங்கியது. 2023-இல் இரண்டாம் கட்டம். 2024-இல் மூன்றாம் கட்டம். சங்கு வளையல் துண்டுகள் குவியல் குவியலாக வந்தன. வளையல் அறுத்து எஞ்சிய சங்கும் வந்தது. கடல் அங்கிருந்து வெகு தொலைவு. கடற்கரையிலிருந்து சங்கைச் சுமந்துவந்து, கரிசல் நடுவே அறுத்து வளையலாக்கியிருக்கிறார்கள்! கண்ணாடி மணி, சூதுபவளம், சுடுமண் பொம்மை, தந்தப் பகடை, தக்களி, பொன்னணி, சிறு கற்கருவிகள் எல்லாம் கிடைத்தன. கைத்தொழிலூர் அது. இன்றும் அந்த வட்டாரம் கைத்தொழில் வட்டாரமே. ஒரு பக்கம் வெடிமருந்துக் கொட்டகை, மறுபக்கம் ஈராயிரம் ஆண்டு வளையல் பட்டறை. அன்று சங்கறுத்தவன் நுரையீரலில் படிந்த தூளையும் இன்று திரி சுற்றுபவள் விரலில் ஏறிய அலுமினியப் பொடியையும் எந்தப் படம் பதியும் என்று எண்ணாமல் நம்மால் அந்த மேட்டைக் கடக்க முடியவில்லை.

அகழ்ந்த குழியை மூடிவிடுவது வழக்கம். மழைக்கும் கால்நடைக்கும் அதுவே காப்பு. ஆகவே குழியின் வாழ்வு சில மாதம். அந்தச் சில மாதத்தில் ஒவ்வொரு அடுக்கையும் பல கோணங்களில் படமெடுத்தால், கணிப்பொறி அவற்றைத் தைத்து முழுக் குழியையும் நீள அகல ஆழத்தோடு உருவாக்கித் தரும். நூறாண்டு கழித்து நம் பேரன் அதில் இறங்கி நடக்கலாம். நாம் தவறவிட்டதை அவன் பிடிக்கலாம். ரீக்கு இல்லாத வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

இவ்வேலை அறிஞர்க்கு மட்டும் உரியதென்று ஒதுங்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு நம் பள்ளி மாணவர் சிலரோடு ஊர்க் கண்மாய்க் கரையில் நின்ற பழங்கல் ஒன்றைப் படமெடுத்தோம். வாள் ஏந்திய வீரன் ஒருவன், அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும். ஊரார் அதை மாலைக்கோயில் என்பார்கள். ஏன் அப்பெயர் என்று கேட்டால் தெரியாது. கல்லைத் தொடவில்லை, கழுவவில்லை. இருட்டிய பின் ஒரு கைவிளக்கைத் தரையோரமாகப் பிடித்து, ஒவ்வொரு திசையாக நகர்த்தி எடுத்தோம். இடப்பக்கத்திலிருந்து விழுந்த ஒளியில் வீரனுக்கு அருகே இன்னோர் உருவம் எழுந்தது. உயர்த்திய கை; கையில் வளையல் வரிகள். கணவனோடு எரிந்த பெண்ணுக்கு நட்ட கல்லில் காட்டப்படும் அடையாளம் அது. பகலெல்லாம் வெயிலில் நின்றும் கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே நின்றிருக்கிறாள் அவள்! ஊரார் எண்ணெய் ஊற்றிக் கும்பிட்டது யாரை என்று ஊரார்க்கே தெரியவில்லை. மாணவி ஒருத்தி வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு, "அவங்க பேரு என்ன சார்?" என்று கேட்டாள். கல்லில் பெயர் இல்லை.

நாடெங்கும் நம் தோழர்கள் பாசறையும் படிப்பகமும் நடத்துகிறார்கள். ஒவ்வொரு படிப்பகமும் தன் ஊரைச் சுற்றி ஐந்து கல் தொலைவுக்கு இதைச் செய்யலாம். செலவு அதிகமில்லை, கைப்பேசி போதும், இலவச மென்பொருள் உண்டு. உழவு நிலத்தில் கறுப்பு சிவப்புப் பானை ஓடு கண்டால் குனிந்து பொறுக்காதீர்கள், தோண்டவே தோண்டாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். அது இல்லையேல் ஒரு காசை வையுங்கள். வடக்கு எதுவென்று ஒரு குச்சியால் காட்டுங்கள். மேலிருந்து ஒரு படம், சுற்றிலும் நடந்து பல படங்கள், ஒவ்வொரு படமும் முன்னதன் மூன்றில் இரு பங்கை மீண்டும் காட்டும்படி. நாள், ஊர், நிலத்தின் புல எண், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றைத் தாளிலும் எழுதுங்கள், கைப்பேசியிலும் எழுதுங்கள். ஒரு படியைத் தொல்லியல் துறைக்கு அனுப்பி, ஒரு படியைப் படிப்பகத்தில் வைத்துவிட்டு, ஓட்டைக் கிடந்த இடத்திலேயே விட்டு வாருங்கள்.